வைரம் பிடித்திருக்கிறதா? கட்டையின் வெட்டுமுகமே சொல்லும்!

மரம் வளர்ப்போர் கேள்வி–பதில்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வரப்பில் 16 வயதுள்ள 14 தேக்கு மரங்கள் நிற்கின்றன. கிணற்று மேட்டில் 2 பலா, வாசலில் ஒரு வேம்பு. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. தேக்கை விற்றுவிடலாம் என்று வியாபாரியைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர் ஒரு மரத்தில் கோடாலியால் சில்லு பெயர்த்துப் பார்த்து, "எல்லாம் வெள்ளை, வைரமே பிடிக்கல" என்று சொல்லி, 14 மரத்துக்கும் சேர்த்துக் கண்மதிப்பில் ஒரு விலை கேட்டிருக்கிறார். "இப்பவே வெட்டினாத்தான் இந்த விலை" என்றும் சொல்லியிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் மூன்று. வைரம் பிடித்திருக்கிறதா இல்லையா என்று நாமே எப்படித் தெரிந்துகொள்வது? இப்போதே விற்பதா, காத்திருப்பதா? போன வருஷம் வேப்பங்கிளையை அறுத்துச் செய்த மாட்டுக்கொட்டகைக் கதவு இப்போது மாவாகக் கொட்டுகிறதே, ஏன்?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அது கட்டையின் உள்ளமைப்பு. ஒரு நல்ல பிளேடும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸும் இருந்தால் போதும். அதில் பாதியை வரப்பில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். நிற்கிற மரத்தின் மேற்புறத்தில் எடுத்த சில்லு, 16 வயது மரமானாலும் 60 வயது மரமானாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். பட்டைக்கு அடுத்து இருப்பது எப்போதும் வெள்ளைக் கட்டைதான். வைரம் அதற்கும் உள்ளே இருக்கிறது. ஆகவே கோடாலிச் சில்லு எதையும் நிரூபிக்காது. வைரமே இல்லாத மரம் என்றால், அதை இப்பவே வெட்ட வேண்டும் என்ற அவசரம் வாங்குபவருக்கு ஏன் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கட்டைக்குள் இருக்கும் நான்கு வேலைக்காரர்கள்

தேக்கு, பலா, வேம்பு, புளி, வாகை, மா என்று நம் ஊரில் உள்ள அகன்ற இலை மரங்கள் எல்லாமே மர நூல்களில் 'வன்மரம்' என்ற வகையில் வரும். பெயரைப் பார்த்து எல்லாம் கடினமான மரம் என்று நினைக்கக் கூடாது. கையால் தூக்கிவிடக்கூடிய இலவம் கட்டையும், ஒடித்தால் ஒடியும் முருங்கையும் இதே வகைதான். ஊசியிலை மரங்களான பைன், தேவதாரு போன்றவை 'மென்மரம்'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடினத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது. வன்மரத்தில் தண்ணீர் ஏறுவதற்கென்று தனிக் குழாய்கள் உண்டு. பைன் போன்ற மரங்களில் அப்படித் தனிக் குழாய் கிடையாது. ஒரே வகை நீண்ட செல்லே தண்ணீரையும் ஏற்றும், மரத்தையும் தாங்கும்.

வன்மரக் கட்டையின் குறுக்கு வெட்டை லென்ஸில் பார்த்தால் நான்கு பகுதிகள் தெரியும்.

1. நீர்க்குழாய்கள். வெட்டுமுகத்தில் ஊசியால் குத்தியது போலத் தெரியும் துளைகள் இவைதான். சின்னச் சின்னச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுச்சுவர் கரைந்து ஒரே குழாயாகிவிடும். சிமெண்ட் உறைகளை அடுக்கி இறக்கிய உறைகிணறு போல என்று நினைத்துக்கொள்ளலாம். தேக்கில் பெரிய துளைகள் 0.2 முதல் 0.3 மி.மீ. வரை அகலம் இருக்கும். இவை வெறும் கண்ணுக்கே தெரியும்.

2. நார்கள். துளைகளுக்கு இடையில் அடர்த்தியாகத் தெரியும் பகுதி இது. ஒரு நார் ஏறக்குறைய 1 மி.மீ. நீளம்தான் இருக்கும். கட்டைக்குப் பலம் தருவது இதுதான். காகித ஆலைகள் தைலமரமும் சவுக்கும் வாங்குவது இந்த நாருக்காகத்தான்.

3. கதிர்கள். நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால் போல ஓடும் மெல்லிய கோடுகள். இலையில் தயாராகிப் பட்டை வழியே இறங்கிய சத்து, குறுக்காக உள்ளே போகும் பாதை இதுதான்.

4. சேமிப்புச் செல்கள். மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். துளையைச் சுற்றி வெளிறிய வளையமாகவோ, மெல்லிய கோடாகவோ தெரியும்.

இதில் விலையோடு சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு உண்டு. செல் சுவரின் அடர்த்தி எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு. அப்படியானால் இலவம் மிதப்பதும் கருவேலம் கனப்பதும் எதனால்? சுவர் எவ்வளவு, வெற்றிடம் எவ்வளவு என்பதால்தான். இலவத்தின் நாருக்குச் சுவர் மெல்லியது, உள்வெற்றிடம் பெரியது. கருவேலத்தில் சுவர் தடித்து, வெற்றிடம் சுருங்கிக் கிடக்கும். காய்ந்த தேக்கு இரண்டுக்கும் நடுவில், தண்ணீரின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எடையோடு இருக்கும். கனமும் அதிகமில்லை, உறுதியும் குறைவில்லை. தச்சர்கள் அதை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

வெள்ளை எப்படி வைரமாகிறது?

மரம் பெருக்கும்போது புதுக் கட்டை பட்டைக்கு உட்புறத்தில்தான் சேரும். அந்த வெளிப்பகுதி உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏற்றும், மாவுச்சத்து வைத்திருக்கும். இதுதான் வெள்ளை. சில வருஷங்கள் கழித்து, உள்ளே தள்ளப்பட்ட பழைய பகுதி ஓய்வுபெறுகிறது. சேமிப்புச் செல்கள் தங்களிடமிருந்த மாவுச்சத்தைச் செலவழித்து, கசப்பும் நிறமும் எண்ணெயும் உள்ள பொருள்களாக மாற்றிவிட்டு இறந்துபோகின்றன. அந்தப் பொருள்கள் செல் சுவர்களில் ஊறுகின்றன. இதுதான் வைரம்.

தேக்கின் வைரத்தில் ஊறும் பொருள்களில் ஒன்று டெக்டோகுவினோன். கறையானுக்கு அது ஆகாது. பலாவின் வைரத்தை மஞ்சளாக்குவது மோரின் என்ற சாயப்பொருள். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் புத்த பிக்குகளின் காவி ஆடைக்குப் பலாக்கட்டையின் சாயத்தைத்தான் பயன்படுத்தி வந்தார்கள்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பக்கத்துச் செல்கள் சிறு கண்கள் வழியாக நீர்க்குழாய்க்குள் பலூன் போல ஊதிப் புகுந்து குழாயை அடைத்துவிடும். தேக்கு, பலா, தைலமரம் மூன்றிலும் இந்த அடைப்பு உண்டு. இதன் மதிப்பை வெளிநாட்டு மதுப் பீப்பாய்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். வெள்ளை ஓக் மரத்தின் வைரத்தில் குழாய்கள் அடைத்திருப்பதால் பீப்பாய் ஒழுகாது. சிவப்பு ஓக்கில் குழாய் திறந்தே இருக்கும். சின்னக் கட்டையின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சுட்ட அகல் விளக்கு எண்ணெயை உறிஞ்சும். அதே சூளை ஊரில் மெருகு பூசிச் சுட்ட பீங்கான் உறிஞ்சாது. வெள்ளைக் கட்டை அகல் மாதிரி, வைரக் கட்டை மெருகிட்ட பீங்கான் மாதிரி.

வைரம் எங்கே இருக்கிறது என்பதை வைத்தே தாவரங்களைப் பிரித்தவர்கள் தமிழர்கள். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும், வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் இந்தக் கணக்கில் புல் வகை. வீடு கட்டுகிறவர்கள் பனையின் வெளிப்பக்கத்தைச் சட்டமாக்கிக்கொண்டு, உள்சோற்றைத் தள்ளிவிடுவது இதனால்தான். தேக்கில் நேர்மாறு: உள்ளே இருப்பதுதான் காசு.

வெட்டுமுகம் பார்ப்பது எப்படி?

நிற்கிற மரத்தைத் துளைத்துப் பார்க்கும் கருவி உண்டு. ஆனால் துளை வழியே பூசணமும் பூச்சியும் புக வாய்ப்பிருக்கிறது. அதைவிட எளிய வழி: 14 மரத்தில் கோணலானது, நெருக்கத்தில் ஒடுங்கிப்போனது எது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் முதலில் வெட்டுங்கள். அடிக்கட்டையின் முகம் மற்ற மரங்களின் நிலைமையை ஓரளவு சொல்லிவிடும். நன்றாகப் பெருத்த மரத்தில் வைரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

* ரம்ப அறுப்பில் நார் கலைந்து துளைகள் மூடியிருக்கும். ஒரு விரல் அகலத்துக்குப் புதிய பிளேடால் அல்லது தீட்டிய உளியால் மெல்லச் சீவி வழுவழுப்பாக்குங்கள். பிளேடைத் தன் பக்கம் இழுத்துச் சீவக் கூடாது.
* சீவிய இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். நிறமும் கோடுகளும் எடுப்பாகத் தெரியும்.
* லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, கட்டையை வெளிச்சத்தில் கிட்டே கொண்டுவாருங்கள்.
* அளவுகோலால் வைரத்தின் குறுக்களவையும், நான்கு பக்கமும் வெள்ளையின் கனத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்காது.

எந்த மரத்தில் என்ன தெரியும்?

தேக்கு: ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும். போகப்போகத் துளை சிறுத்து, நார் கூடும். கோடையில் இலை உதிர்த்து, மழைக்குத் துளிர்க்கும்போது அவசரமாகத் தண்ணீர் ஏற்றப் பெரிய குழாய் போடுகிறது, பிறகு நிதானமாகப் பலம் சேர்க்கிறது. அதனால் வளையத்தை எண்ணி ஏறக்குறைய வயதைச் சொல்லலாம். புழு இலையை முழுதாகத் தின்று மரம் மறுபடி துளிர்த்த வருஷத்தில் பொய் வளையம் ஒன்று கூடுதலாக இருக்கலாம். புதிதாகச் சீவிய தேக்கு கைக்கு எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், பதப்படுத்திய தோல் போல ஒரு வாசனை வரும். கடையில் சாயம் பூசித் தேக்கு என்று விற்கும் கட்டையைக் கண்டுபிடிக்கவும் இந்த மூன்றும் உதவும்.

பலா: துளைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. வளைய வரிசை இல்லாமல் பரவலாக இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் சிறகு விரித்தது போல் வெளிறிய சேமிப்புச் செல்கள் தெரியும். அறுத்தவுடன் மஞ்சள், காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாகும். தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பண்ருட்டிப் பக்கத்துப் பலாக்கட்டையைத் தேடி வாங்குவது நெடுநாள் வழக்கம். ஆகவே முற்றிய பலாவை விறகு விலைக்குத் தள்ளிவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. அப்படி விழும் மரத்தை மழையில் கிடக்கவிட்டால் வெள்ளைப் பகுதியில் பூசணமும் வண்டும் முந்திக்கொள்ளும். சீக்கிரம் அறுத்து நிழலில் அடுக்குவதுதான் மிச்சம்.

வாகை, கருவேலம்: இவற்றிலும் துளையைச் சுற்றி வெளிறிய வளையம் அல்லது சிறகு நன்றாகத் தெரியும். அவரைக் குடும்பத்து மரங்கள் பலவற்றுக்கும் இது பொதுவான அடையாளம்.

வேம்பு: நடுத்தரத் துளைகள், பரவலாக இருக்கும். சில துளைகளில் செம்பழுப்புப் பிசின் அடைத்திருக்கும். வைரம் சிவப்பு கலந்த பழுப்பு. வேம்பு மஹோகனியின் குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டையின் சாயலிலும் அந்த உறவு தெரியும்.

தைலமரம்: துளைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக, சாய்வான வரிசையில் போகும்.

கல்லாகியும் மறையாத துளைகள்

இந்தத் துளைகளின் அமைப்பு எவ்வளவு நம்பகமான அடையாளம் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையே சாட்சி. அங்கே கல்லாகிப்போன மரங்கள் ஏறக்குறைய 200 கிடக்கின்றன. சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-ல் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாக்கிறது. இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிளையோ இலையோ வேரோ ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதால், இவை வேறெங்கோ இருந்து வெள்ளத்தில் உருண்டுவந்து புதைந்தவை என்று கருதுகிறார்கள்.

இலையும் பூவும் இல்லாத கல்லை எந்த மரம் என்று எப்படிச் சொல்வது? தண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து ஒவ்வொரு செல்லிலும் ஊறி இறுகியதால் துளை, கதிர், நார் எல்லாம் அச்சு வார்த்தது போல அப்படியே நிற்கின்றன. கல்லைக் கண்ணாடி போல மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் இன்றைய மரத்தோடு ஒப்பிடலாம். 1950-களில் ராமானுஜம் என்ற தாவரவியல் அறிஞர் அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கல்மரங்களை இப்படித்தான் ஆராய்ந்து வகைப்படுத்தினார். புளிய மரக் குடும்பத்துக்கு உறவான கட்டைகள் அங்கே கிடைத்தன. ஈரக்காடுகளில் ஓங்கி வளரும் டிப்டெரோகார்ப் குடும்பத்துக் கட்டைகளும் கிடைத்தன. இன்று முந்திரியும் மணிலாவும் விளையும் இந்தச் செம்மண் சீமைக்கு ஒரு காலத்தில் பெருமழை பெய்தது என்பதை அந்தத் துளைகள்தான் சொல்கின்றன.

விலைக்கு வரும் கணக்கு

வட்டாரத்தில் மரத்தை அளப்பது பெரும்பாலும் 'கால் சுற்றளவு' முறையில்தான். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 36 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டையை எடுத்துக்கொள்வோம். 36-ஐ 4-ஆல் வகுத்தால் 9. ஒன்பதொன்பது 81. அதை 144-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 5.6 கன அடி. ஆனால் உருளைக் கணக்கில் அந்தக் கட்டையின் உண்மையான கன அளவு சுமார் 7.2 கன அடி. அதாவது இந்த முறையிலேயே 100-க்கு 21 பங்குக்கு மேல் அறுப்புச் சேதம் என்று கழிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் 'சேதாரம்' என்று ஒரு பங்கு கழித்தால் அது இரட்டைக் கழிவு. இதைத் தெரிந்து பேச வேண்டும்.

இனி வைரத்தின் கணக்கு. வெள்ளையின் கனம் 1 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 36 அங்குலச் சுற்றளவுள்ள மரத்தில் அந்த 1 அங்குலம் வெட்டுமுகத்தில் 100-க்கு 32 பங்கைத் தின்றுவிடும். வைரம் 68 பங்குதான். அதே 1 அங்குல வெள்ளையோடு மரம் 60 அங்குலத்துக்குப் பெருத்தால் வெள்ளை 20 பங்கு, வைரம் 80 பங்கு. பரப்பில் பார்த்தால் முதல் மரத்தில் வைரம் சுமார் 70 சதுர அங்குலம், இரண்டாவதில் சுமார் 230. சுற்றளவு இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வைரமோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதோடு பருமன் கூடினால் கன அடிக்கு விலையும் கூடும். காத்திருப்பதன் லாபம் இங்கேதான் இருக்கிறது.

வியாபாரி சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. இளமரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். முதல் சில வருஷங்களில் நடுவே உண்டான கட்டையில் வைரச்சத்து குறைவு, உறுதியும் சற்றுக் குறைவு. ஆகவே 16 வயது மரத்துக்கு முற்றிய தேக்கின் விலையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் 'வைரமே இல்லை' என்பதும் சரியல்ல.

காயவைக்கும் முறை

விருத்தாசலத்தில் அகலோ பொம்மையோ பியூஸ் கேரியரோ செய்கிறவர்கள், பச்சை மண்ணை நேராகச் சூளையில் வைப்பதில்லை. நிழலில் மெல்ல உலர்த்தாவிட்டால் விரிசல் விடும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். மரத்துக்கும் இதே விதிதான்.

பச்சைக் கட்டையில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கும். குழாய்க்குள் நிற்பது ஒன்று. செல் சுவரில் ஊறியிருப்பது மற்றொன்று. குழாயில் நிற்கும் தண்ணீர் போகும்போது கட்டை சுருங்காது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரின் நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வளையத்தின் போக்கில் சுருங்குவது, கதிரின் போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கதிர்கள் கட்டையை அந்தத் திசையில் இழுத்துப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். உருட்டுக் கட்டை வெயிலில் கிடந்தால் நடுவை நோக்கி வெடிப்பதும், பலகை கிண்ணம் போல வளைவதும் இதனால்தான்.

* அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே கனமுள்ள 1 அங்குல ரீப்பர்களை 2 அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் நேராக வரும்படி வையுங்கள்.
* தண்ணீர் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், குழாய்களின் வாய் அங்கேதான் இருக்கிறது. ஆகவே இரு முனைகளிலும் பழைய பெயிண்ட் பூசிவிடுங்கள்.
* 1 அங்குலப் பலகைக்கு மழையில்லாத காலத்தில் 2 முதல் 3 மாதம் ஆகும். நிலைச்சட்டம் போன்ற கனமானவற்றுக்கு ஓராண்டு வரைகூட ஆகலாம்.
* ஒரு துண்டை நிறுத்துப் பாருங்கள். அடுப்புச் சூட்டில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். 115 கிராம் 100 கிராமாக நின்றால் ஈரம் 15 சதவீதம். 12 முதல் 15-க்குள் வந்தால் தச்சரிடம் கொடுக்கலாம்.

மாவு கொட்டும் வேப்பங்கதவு

வேம்பு கசப்பாயிற்றே, வண்டு ஏன் தின்கிறது என்பது பலரின் சந்தேகம். கசப்பு வைரத்துக்கு உரியது. கிளைக்கட்டையில் பெரும்பகுதி வெள்ளைதான், அதில் இருப்பது மாவுச்சத்து. மாவு வண்டு என்ற சிறு வண்டு கட்டையின் திறந்த நீர்க்குழாய்க்குள் முட்டையிடுகிறது. புழு மாவுச்சத்தைத் தின்று வளர்ந்து, 1 முதல் 2 மி.மீ. துளை போட்டு வெளியே பறக்கிறது. முகப்பவுடர் போல நைசான தூள் கொட்டினால் இந்த வண்டுதான். குழாய் வாய் இல்லாத பைன் கட்டைக்கு இது வராது. அடைப்பு விழுந்த வைரத்துக்கும் வராது.

கதவில் மிக அரித்துப்போன சட்டங்களை மாற்றிவிட வேண்டும். மீதியைச் சுரண்டித் துடைத்து, போராக்ஸ் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ சேர்த்து 100 லிட்டர் தண்ணீராக்கிய கரைசலை (சிறு கதவுக்கு இதே விகிதத்தில் 5 லிட்டர் போதும்) இரண்டு மூன்று முறை பூசி ஊறவிட்டுக் காயவையுங்கள். பிறகு எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசினால் குழாய் வாய்கள் மூடும், வண்டுக்கு முட்டையிட இடமிருக்காது. கரைசல் தொடும்போது கையுறை வேண்டும். கொட்டகைக் கதவு என்பதால், நன்றாகக் காய்ந்து வார்னிஷ் ஏறும் வரை மாடு நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் அறுக்கும் பச்சைப் பலகைகளை அதே கரைசலில் முக்கி எடுத்து, தார்ப்பாயால் மூடி 2 வாரம் வைத்துவிட்டு உலர்த்தினால் மருந்து உள்ளே இறங்கும்.

வாசகர் என்ன செய்யலாம்?

1. 14 மரத்திலும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை அளந்து, பெயிண்டால் கோடு போட்டு எழுதிவையுங்கள்.
2. கோணல், ஒடுங்கல், நெருக்கமான மரங்கள் நான்கு அல்லது ஐந்தை மட்டும் இப்போது கழிக்கலாம். கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம் வரும், நிற்கும் மரங்களுக்கு வெளிச்சமும் தண்ணீரும் கிடைக்கும். மீதித் தேவைக்குக் கல்விக் கடன் கேட்டுப் பார்ப்பது, நல்ல மரங்களை அரைவிலைக்குத் தருவதைவிட மேல்.
3. மொத்த மதிப்பில் விற்காதீர்கள். வெட்டி, அளந்து, கன அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். வெட்டுக்கூலி, வண்டிக்கூலி யாருடையது, கிளைவிறகு யாருக்கு என்பதை எழுதி வாங்குங்கள்.
4. வெட்டுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் வெட்டவும் ஏற்றிச்செல்லவும் என்ன அனுமதி தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
5. நிற்கும் மரங்களை ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளங்கள். சுற்றளவு ஏறிக்கொண்டே இருக்கும் வரை மரம் வட்டி போடுகிறது. இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து நின்றுபோனால் அப்போது விற்பதை யோசியுங்கள்.

சின்னக் கேள்விகள்

சவுக்கு ஊசியிலை மரம்தானே, பைன் வகையா?

இல்லை. ஊசி போலத் தெரிவது இலை அல்ல, பச்சைக் கிளைநுனி. உண்மையான இலை, கணுவைச் சுற்றி மிகச் சிறு பற்களாகத்தான் இருக்கும். கட்டையைச் சீவிப் பார்த்தால் நீர்க்குழாய்த் துளைகள் தெரியும். ஆகவே இது வன்மரம்தான். காயும்போது எளிதில் வெடிக்கும் குணம் உண்டு. கம்பமாக விற்பவர்கள் நிழலில் அடுக்குவது நல்லது.

அமாவாசையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே?

உளுப்பதைத் தீர்மானிப்பது வெள்ளையில் உள்ள மாவுச்சத்தின் அளவு. அது இலை உதிர்வு, துளிர்ப்பு என்று பருவத்தோடு ஏறி இறங்கும். ஆகவே நாள் பார்ப்பதைவிடப் பருவம் பார்ப்பது பொருத்தம். பெரியவர்கள் கட்டையைக் குளத்தில் ஊறப்போட்டதற்கும் காரணம் உண்டு. பல வாரம் ஊறும்போது மாவுச்சத்து கரைந்தும் சிதைந்தும் குறைந்துவிடும். பர்மாவில் தேக்கு மரத்தின் பட்டையையும் வெள்ளையையும் சுற்றிலும் வெட்டிவிட்டு, நின்றபடியே 2, 3 வருஷம் காயவிட்டார்கள். ஆற்றில் மிதக்கவேண்டும் என்பதற்காகச் செய்தது அது. ஆனால் நிற்கும்போதே மாவுச்சத்தும் செலவாகிவிடும்.

வைரம் நன்றாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே சொல்ல முடியுமா?

உள்ளே பொந்து இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் தட்டலை நம்ப வேண்டாம். வெட்டுமுகம், அளவுகோல், லென்ஸ் மூன்றையும் நம்புங்கள். கட்டையையோ இலையையோ வைத்துச் சந்தேகம் கேட்க, விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். மரவளர்ப்பு பற்றி விரிவாகத் தெரிந்துகொள்ள மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி இருக்கிறது. போகும்போது உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை, பட்டையும் வெள்ளையும் வைரமும் சேர்ந்திருக்கும்படி அறுத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.